மாடிப்படி அறையில் மூன்று நாள்

காமுவுக்கு ஒரே இடத்தில் உட்கார வராது. கரக்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். பெண் பார்க்க வந்த அன்றைக்கு நமஸ்காரம் பண்ணி எழுந்தவள், நேரே போய் ஜன்னலின் கொக்கியை மாட்டிவிட்டுத்தான் திரும்பினாள். காற்றில் கதவு அடித்துக்கொண்டிருந்தது, அதனால் போனேன் என்பாள் காமு. அவளுடைய மாமியார் ஜகதாம்பாளுக்கு அது ஒரு காரணமாகவே படவில்லை. கால் தரிக்காத பெண் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது, ஜாதகம் சேர்ந்துவிட்டதால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்று இருபது வருஷமாக வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீடு கல்கத்தாவில், லேக் மார்க்கெட்டுக்குப் பின்தெருவில், முதல் மாடியில். இரண்டு அறை, ஒரு அடுக்களை, ஒரு நீள வராந்தா. மொட்டை மாடியில் வருஷத்தில் ஏழெட்டு மாதம் வேட்டி வேட்டியாக அப்பளம் காயும். காளிகாட்டிலிருந்து இரண்டு மாமிகள் காலையில் வந்து இட்டுக் கொடுத்துவிட்டு மத்தியானம் போவார்கள். உளுந்து மாவைப் பிசைந்து, எண்ணெய் தொட்டு இடிப்பது மட்டும் ஜகதாம்பாள். அறுபத்தைந்து வயதிலும் அதை அவள் வேறு யாரிடமும் விட்டதில்லை. மடியாகச் செய்த அப்பளம், சிராத்தத்துக்குக்கூடக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று அந்த வட்டாரத்தில் பெயர். கட்டின் மேல் ஒட்டும் தாளில் நீல மையில் ‘நடராஜன் அப்பளம்’ என்று அச்சிட்டிருக்கும். நடராஜன் காமுவின் கணவர். டல்ஹௌசி பக்கம் ஒரு கம்பெனியில் குமாஸ்தா.

எழுபத்தொன்பதாம் வருஷம் ஜூலை மாதம், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், தாரா படிவக் கட்டோடு வந்தாள். இரண்டு தெரு தள்ளி இருக்கும் வங்கி அதிகாரி மஹாதேவனின் பெண். பொருளாதாரத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு ஒரு பேராசிரியையிடம் ஆராய்ச்சி உதவிக்குச் சேர்ந்திருந்தாள். தெற்குக் கல்கத்தாவில் சொந்தத் தொழில் செய்கிற பெண்கள் நூறு பேரைப் பார்த்து எழுதவேண்டும். தையல், புடவை வியாபாரம், சந்தேஷ் மிட்டாய் அச்சு, ஊறுகாய் என்று முப்பத்தாறு பேரை முடித்திருந்தாள். காமு முப்பத்தேழாவது ஆள்.

கேள்விகள் ஆங்கிலத்தில் டைப் அடித்திருந்தன. தாரா அவற்றைத் தமிழாக்கிக் கேட்டாள். நடுநடுவே வார்த்தை கிடைக்காமல் பெங்காலிக்குப் போய்த் திரும்பினாள். ஜகதாம்பாள் சுவரில் சாய்ந்து திரி திரித்துக்கொண்டிருந்தாள். அவள் எங்கேயும் போகிற மாதிரி இல்லை.

தொழிலை ஆரம்பித்தது யார் என்பது முதல் கேள்வி. காமு வாயைத் திறப்பதற்குள் "என் பிள்ளைதான்" என்று சுவரோரத்திலிருந்து பதில் வந்தது. சாமான் வாங்குவதும் அவன்தானாம். சனிக்கிழமை ஆபீஸ் அரை நாள் விட்டதும் நேரே பராபஜார் போய், மண்டி மண்டியாக ஏறி இறங்கி உளுந்து பார்த்து, சாயங்காலம் சட்டை நனைய வேர்த்துக்கொண்டு வருவானாம். கடையில் பேசி வைத்ததும் அவன், பெஹாலாவில் ஆர்டர் பிடித்ததும் அவன். தாரா காமுவைப் பார்த்தாள். காமு தலையை ஆட்டினாள். இருபது வருஷத்தில் அந்த ஆட்டம் நன்றாகப் பழகியிருந்தது.

மாதத்தில் எத்தனை நாள் வேலை செய்வதில்லை என்று ஒரு கேள்வி.

மூன்று நாள் என்றாள் காமு.

காரணம் எழுத நான்கு கட்டங்கள் இருந்தன. பண்டிகை, உடல்நலக் குறைவு, சரக்கு இல்லாமை, விற்பனை இல்லாமை. தாராவுக்குத் தெரியாத காரணம் இல்லை. அவள் வீட்டிலும் அந்த மூன்று நாள் உண்டு. ஆனால் அதற்குக் கட்டம் இல்லை. கூடத்தில் உட்கார்ந்து அதை உரக்கச் சொல்லவும் வழி இல்லை. "உடம்பு சரியா இருக்காது" என்றாள் காமு. தாரா இரண்டாவது கட்டத்தில் ஒரு குறி போட்டாள்.

கடைசிப் பக்கத்தில் விடைகளைக் கூட்டிப் பார்த்து ஒரு பிரிவில் சேர்க்க வேண்டும். தாரா பேனாவால் தன் கன்னத்தைத் தட்டிக்கொண்டே பார்த்தாள்.

"மாமா உரிமையாளர். நீங்க உதவியாளர்ல வரேள், மாமி."

"அப்படின்னா?"

"ஆத்துக்காரர் தொழிலுக்கு ஒத்தாசை பண்றவா. நிறையப் பேர் அதுலதான் வரா."

வாசல் வரை கொண்டுவிடப் போனபோதுதான் தாரா இன்னொன்றையும் சொன்னாள். நூறு பேரில் பத்துப் பேரைப் பேராசிரியை பொறுக்கி எடுப்பாள். தாங்களே வாங்கி, தாங்களே விற்று, தாங்களே முடிவெடுக்கிற பெண்கள். அவர்கள் பெயரை ஒரு வங்கிக்குச் சிபாரிசு செய்வதாக ஏற்பாடு. வீட்டைவிட்டு வெளியே இடம் பார்த்துத் தொழிலைப் பெருக்க வங்கி கடன் கொடுக்கும். உதவியாளர்கள் அந்தப் பட்டியலில் வர மாட்டார்கள்.

இடம் ஒன்று காமுவிடம் ஏற்கெனவே இருந்தது, பாதி வாய்ப்பேச்சாக. லேக் மார்க்கெட்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் பன்னீர்செல்வம்தான் அவளுடைய அப்பளத்தில் பாதியை விற்கிறவர். கடைக்குப் பின்னால் அவருடைய கிடங்கு காலியாகியிருந்தது. மேலே திறந்த மாடி. ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்து அப்பளம் இடலாம். அடுக்களையில் சமையல் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். "மஹாளயம் வரைக்கும் வேற யாருக்கும் விட மாட்டேன் மாமி. அதுக்கப்புறம் ஒரு பிஹார்க்காரர் உருளைக்கிழங்கு போடணும்னு கேக்குறாரு" என்று சொல்லியிருந்தார். போகும்போதும் வரும்போதும் காமு அந்தப் பூட்டைப் பார்ப்பாள்.

அன்றைக்கு முழுக்க அவள் எதையும் முழுதாகச் செய்யவில்லை. அரிசியைக் களைந்தவள் அதை உலையில் போட மறந்தாள். காய்ந்த துணியை மடித்து வைத்து, மறுபடி பிரித்து மடித்தாள். உதவியாளர் என்ற வார்த்தை செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி உறுத்தியது.

நடந்தது வேறு. அறுபத்தெட்டில் நடராஜனின் கம்பெனி கதவடைப்பில் எட்டு மாதம் மூடிக் கிடந்தது. அவர் பகலெல்லாம் கட்டிலில் படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, காமு முதல் அப்பளக் கட்டைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு போய்ப் பன்னீர்செல்வத்திடம் கொடுத்தாள். அவர் இன்னும் கேட்டார். கம்பெனி திறந்த பிறகும் காமு நிறுத்தவில்லை. ஆண் பெயர் இருந்தால்தான் கடையில் எடுபடும் என்று தாளில் நடராஜன் பெயரைப் போடச் சொன்னவளும் அவள்தான்.

நடராஜனைப் பராபஜாருக்கு அனுப்பிப் பார்த்தாள். பரம சாது. மண்டிக்காரன் எதைக் காட்டினாலும் நன்றாக இருக்கிறது என்பார். மூன்றாம் தடவை அவர் வாங்கி வந்தது இரண்டு வருஷத்துப் பழைய உளுந்து. மாவை இழுத்தால் நீளவேண்டும், அது அறுந்து அறுந்து வந்தது. இட்டதெல்லாம் மாடியில் வெடித்துப் போயிற்று. ஜகதாம்பாள் தன் கைமேல் பழி வந்துவிட்டதே என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. தானே போனால் ஒழிய இது சரிப்படாது என்று காமுவுக்குத் தெரிந்தது. ஆனால் அந்த வீட்டிலிருந்து ஒரு மருமகள் தனியாகப் பராபஜார் போவது நடக்காத காரியம். காலை ஆறு மணி முதல் ராத்திரி பத்து மணி வரை அவள் ஜகதாம்பாளின் கண்ணுக்குள் இருந்தாள்.

மாதத்தில் மூன்று நாள் தவிர.

இரண்டு அறை வீட்டில் விலகி உட்கார இடம் கிடையாது. அதனால் கல்யாணமான புதிதில் ஜகதாம்பாளே ஓர் ஏற்பாடு செய்திருந்தாள். கீழ் வீட்டுப் பெங்காலிக் குடும்பத்துக்குச் சொந்தமாக மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை சும்மா கிடந்தது. அந்த மூன்று நாளும் பகலில் காமு அங்கே இருக்கவேண்டும். காலையில் சாப்பாட்டுத் தட்டு படியில் இறங்கி வரும். அப்புறம் சாயங்காலம் விளக்கு வைக்கும் வரை மாமியார் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள், பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். பத்துப் பன்னிரண்டு வருஷம் காமு அந்த அறையில் நாலடி இந்தப் பக்கம், நாலடி அந்தப் பக்கம் நடந்தாள். பிறகு ஒருநாள், தன்னை யாரும் பார்க்காத மூன்று நாள் தன் கையில் இருக்கிறது என்பது உறைத்தது.

பத்து மணிக்குத் தட்டைக் கழுவி வைத்தால் பத்தேகாலுக்கு அவள் ட்ராமில் இருப்பாள். எஸ்பிளனேடில் இறங்கி மாறி, பராபஜார். கரக்பூரில் பேசிய இந்தி அங்கே கைகொடுத்தது. முதல் நாள் உளுந்து, இரண்டாம் நாள் பெஹாலாவில் ஆர்டர், மூன்றாம் நாள் மிச்சம் மீதி. நாலு மணிக்குத் திரும்பி, கீழ் வீட்டு பௌதி, அதாவது பெங்காலி அண்ணி, கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டு அறைக்குள் போய்விடுவாள். யாராவது கேட்டால் தூங்குகிறாள் என்று சொல்லிவிடுவதாக பௌதியோடு பேச்சு. மூட்டைகள் நான்காம் நாள், அவள் தலைக்குக் குளித்து மேலே வந்த பிறகு, கைவண்டியில் வந்து இறங்கும். மருமகள் குளிக்கிற நாளுக்கும் வண்டி வருகிற நாளுக்கும் உள்ள பொருத்தம் எட்டு வருஷமாக ஜகதாம்பாளுக்குத் தட்டுப்படவே இல்லை. நடராஜனுக்குத் தெரியும். சனிக்கிழமை மத்தியானங்களில் அவர் மைதானத்தில் ஃபுட்பால் பார்த்தார். ஐம்பதாயிரம் பேர் கத்துகிற இடத்திலிருந்து வருவதால், வேர்வையில் மட்டும் பொய் இல்லை.

காமு தனக்கென்று ஒரு விதி வைத்திருந்தாள். அந்த மூன்று நாளில் பிசைந்த மாவையோ இட்ட அப்பளத்தையோ விரல் நுனியாலும் தொடமாட்டாள். மண்டியில் உளுந்தைக் கையில் அள்ளிப் பார்ப்பாள், ஒன்றைக் கடித்துப் பார்ப்பாள். அதை மண்டிக்காரன் தொடுகிறான், சுமைக்காரன் தொடுகிறான். ஆபீஸ் போகிற பெண்கள் அந்த நாட்களில் எதையெல்லாம் தொடுகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. இப்படியெல்லாம் அவள் தனக்குள் வாதாடிக்கொள்வாள். ஆனால் சிராத்தத்துக்கு அப்பளம் வாங்குகிறவர்களிடம் இந்த வாதம் எடுபடாது என்பதும் தெரியும். அப்படி வாங்குகிறவர்களில் முதல் ஆள் சகுந்தலா மாமி. தாராவின் அம்மா.

ஆகஸ்டு வந்தது. அந்த மூன்று நாளில் முதல் நாள் காலை மாடிப்படி அறைக்கு வந்தவள், ட்ராமுக்குப் போகிற வழியில் தாராவின் வீட்டு வாசலில் நின்றாள். உள்ளே போகவில்லை. வெளியே வந்த தாராவிடம், "குடை எடுத்துண்டு வா. அந்தப் படிவமும்" என்று மட்டும் சொன்னாள்.

ராஷ்பிகாரி முனையில் சுரங்க ரயிலுக்காகத் தெருவைப் பிளந்து போட்டிருந்தார்கள். பலகை மேல் ஒவ்வொருவராக நடந்து ட்ராமுக்குப் போகவேண்டியிருந்தது. காமு கிடுகிடுவென்று நடந்தாள், தாராவுக்கு மூச்சு வாங்கியது. பராபஜாரில் மூட்டை சுமப்பவர்கள் "மாயிஜி, மாயிஜி" என்று வழிவிட்டதைத் தாரா பார்த்தாள். ஒரு மண்டியில் காமு உளுந்தை வாயில் போட்டுக் கடித்துத் துப்பிவிட்டு எழுந்து நடந்தாள். மண்டிக்காரர் பின்னாலேயே வந்து, பழைய மூட்டையைக் காட்டிவிட்டான் பையன், உள்ளே புதுசு இருக்கிறது, உட்காருங்கள் என்று கெஞ்சினார். காமு உட்காரவில்லை. நின்றுகொண்டே இரண்டாவது மூட்டையைக் கடித்தாள்.

"மாமி, மாசாமாசம் நீங்கதான் வரேளா?" என்று கேட்டாள் தாரா.

"எட்டு வருஷமா."

"இந்த மூணு நாள்லயா?"

"வேற எந்த நாள்ல வர முடியும், சொல்லு."

தாரா சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பு நின்றுபோயிற்று. படிவத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு அவள் யோசித்ததைக் காமு புரிந்துகொண்டாள். அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் தன் வீட்டு சிராத்தத்து இலை ஞாபகம் வந்திருக்கும்.

திரும்பும்போது ட்ராமில் தாரா விவரமாகச் சொன்னாள். புது விடைகளை வேறொரு தாளில் எழுதி முதல் தாளோடு சேர்த்துத்தான் வைக்கவேண்டும், முதல் தாளைக் கிழிக்கக் கூடாது. ஆராய்ச்சியில் பெயர் வெளியே வராது, எண்தான். ஆனால் விடை மாறிய படிவத்தைப் பேராசிரியை அப்படியே ஒப்புக்கொள்ள மாட்டாள். சொல்லாமல் கொள்ளாமல் நேரே வந்து அதே கேள்விகளை மறுபடி கேட்பாள். வாயால் சொல்வதும் தாளில் இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால் படிவத்தை மொத்தமாக எடுத்துப் போட்டுவிடுவாள்.

"வரட்டும்" என்றாள் காமு.

"பாட்டி இருப்பாளே மாமி."

"வரட்டும்னேனே."

ட்ராமின் சத்தத்தில் சொல்வது எளிதாக இருந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் காமு கையிலிருந்ததைப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள். பேராசிரியை வரவேண்டும் என்றும் இருந்தது, வரக்கூடாது என்றும் இருந்தது. வந்தால் மத்தியானம் மாமியார் கண்ணயரும் நேரத்தில் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். மாலை மின்சாரம் போய்த் தெருவே இருண்டு கிடக்கையில் யாராவது படியேறினால், விளக்கைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடுகிறவள் அவளாக இருந்தாள். ஜகதாம்பாள்கூட, என்னடி இது, காலில் வெந்நீரைக் கொட்டிண்ட மாதிரி என்று கேட்டாள். ஒரு நாள் பன்னீர்செல்வம் கடையில் அந்த பிஹார்க்காரர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். மஹாளயத்துக்கு இன்னும் பத்து நாள்.

செப்டம்பரில் அந்த மூன்று நாள் செவ்வாய்க்கிழமை ஆரம்பித்தது. அன்றைக்கே போய் நவராத்திரிக்கான உளுந்து முழுவதையும் பேசி முடித்தாள். மூட்டைகள் வெள்ளிக்கிழமை வரவேண்டும். புதன்கிழமை சகுந்தலா மாமி வீட்டில் சுமங்கலிப் பிரார்த்தனை. கூப்பிட்டு அனுப்பியபோது, வர முடியாத நாள் என்று பதில் சொல்லி அனுப்பினாள். புதன் மாலையே வெள்ளிக்கிழமை பந்த் என்று சொல்லிக்கொண்டு ஊர்வலம் போயிற்று. ட்ராம் ஓடாது, கடை திறக்காது. அதனால் வெள்ளிக்கிழமை செய்யவேண்டியதையெல்லாம் ஊரே வியாழக்கிழமைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டது.

வேலை மிச்சமில்லாததால் வியாழன் காமு சீக்கிரமே அறைக்குத் திரும்பியிருந்தாள். மூன்று மணிக்குத் தாராவும் பேராசிரியையும் வந்தார்கள். பேராசிரியைக்குப் பருத்திப் புடவை, தோளில் துணிப்பை, பெரிய கண்ணாடி. முதலில் அவர்கள் மாடிக்குத்தான் போனார்கள். காமு எங்கே என்று பெங்காலியில் கேட்டதற்கு ஜகதாம்பாள் கீழே கையைக் காட்டினாள். அவர்கள் இறங்கி வந்தபோது, யாரோ படித்த மனுஷி என்ன கேட்கப் போகிறாள் என்று பார்க்க அவளும் மேல்படி வரை வந்து நின்றாள். அதற்குமேல் இறங்க முடியாது. கீழே விலகி இருப்பவள் இருக்கிறாள்.

பௌதி ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள். பேராசிரியை உட்கார்ந்து இரண்டு தாளையும் முழங்கால்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். நல்ல மாதிரி. குரலில் அதட்டல் இல்லை. ஒரு தாளில் மாதம் மூன்று நாள் உடம்பு சரியில்லை, வேலை இல்லை என்று இருக்கிறது, மற்றதில் அந்த மூன்று நாளில்தான் கொள்முதல் என்று இருக்கிறது, எது சரி என்று கேட்டாள். முழுக்கப் பெங்காலியில் கேட்டாள். ஜகதாம்பாள் நாற்பத்தைந்து வருஷமாகக் கல்கத்தாவில் காய்கறிக்காரனோடு பெங்காலியில் சண்டை போடுகிறவள்.

காமு நிமிர்ந்து பார்த்தாள். மேல்படியில் மடிசாரின் ஓரமும் இரண்டு பாதங்களும் தெரிந்தன.

தாரா தாழ்ந்த குரலில் தமிழில், "மாமி, வேணும்னா இன்னொரு நாள் வரச் சொல்லட்டுமா? நான் ஏதாவது சொல்லிக்கறேன்" என்றாள்.

இன்னொரு நாள் என்றால் மஹாளயம் தாண்டிவிடும். முதல் தாள்தான் சரி என்றால் எதுவும் மாறாது. நடராஜன் அப்பளம், நடராஜன் சட்டை, நடராஜன் வேர்வை. காமு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல வரவில்லை.

"இரண்டாவது தாள்" என்றாள் பெங்காலியில்.

"சரக்கு வாங்குவது யார்?"

"ஆமி."

நான் என்ற அந்த ஒரு வார்த்தை மாடிப்படி முழுக்கக் கேட்டது. அதற்கப்புறம் கேள்விகள் வரிசையாக வந்தன, அவளும் நிறுத்தாமல் சொன்னாள். எந்த மண்டி, எந்த ட்ராம், பெஹாலாவில் எத்தனை வீடு, ஆரம்பித்த வருஷம், தாளில் அந்தப் பெயர் ஏன் வந்தது. ஏன் முதல் தடவை மாற்றிச் சொன்னாய் என்று கேட்டபோது மட்டும் அவள் மேலே பார்த்தாள். பேராசிரியையும் நிமிர்ந்து மேலே பார்த்தாள். பாதங்கள் அங்கேயே இருந்தன. பேராசிரியை எதையோ எழுதிக் கையெழுத்துப் போட்டு, தாளைத் தாராவிடம் கொடுத்துவிட்டு, உன் பெயர் பட்டியலில் போகிறது, வங்கி முடிவு பூஜைக்கு அப்புறம்தான் தெரியும் என்று சொல்லிக் காமுவின் தோளைத் தொட்டாள். அந்தத் தோளை மூன்று நாளில் தொட்ட ஒரே கை அது.

அவர்கள் போன பிறகும் ஜகதாம்பாள் நகரவில்லை. பந்துக்கு முன்தினம் என்று ஆபீஸில் சீக்கிரம் விட்டுவிட, ஐந்து மணிக்கு நடராஜன் வந்தார். மேல்படியில் அம்மாவும் கீழே மனைவியும் நிற்பதைப் பார்த்துப் பாதிப் படியில் நின்றுவிட்டார்.

"சனிக்கிழமை சனிக்கிழமை எங்கேடா போனே?" என்றாள் ஜகதாம்பாள்.

அவர் காமுவைப் பார்த்தார். காமு முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவருக்குப் புரிந்தது.

"மைதானத்துக்கு."

"அங்கே என்ன?"

"மேட்ச், அம்மா."

"எட்டு வருஷமாவா?"

"சீசன் இல்லாதப்போ சும்மா புல்லுல உட்கார்ந்திருப்பேன்."

பௌதி சட்டென்று உள்ளே போய்விட்டாள், சிரிப்பு வந்திருக்கவேண்டும். ஜகதாம்பாள் சிரிக்கவில்லை. அவள் காமு பக்கம் திரும்பியபோது, காமு தான் மனப்பாடமாக வைத்திருந்ததைச் சொன்னாள். மாவைத் தொட்டதில்லை, இட்ட அப்பளத்தைத் தொட்டதில்லை, ஒரு நாள்கூட.

"அதை நான் கேட்டேனா? இந்த லேக் மார்க்கெட்ல ஒரு ஆத்தைக்கூட பாக்கி வைக்காம என் பிள்ளை உழைக்கறான், என் பிள்ளை சுமக்கறான்னு சொல்லிண்டு வந்திருக்கேன். எல்லாத்தையும் பக்கத்துல நின்னு கேட்டுண்டு இருந்தியே. ஒரு நாள், அப்படி இல்லேம்மான்னு சொல்லத் தோணலியா உனக்கு?"

மடியைப் பற்றித்தான் மாமியார் கேட்பாள் என்று காமு எட்டு வருஷம் பதில் தயார் பண்ணியிருந்தாள்.

"நாளைலேர்ந்து என் அடுக்களைல அப்பளம் கிடையாது" என்றாள் ஜகதாம்பாள். குரல் உயரவில்லை. திரும்பி உள்ளே போனாள். சற்றுப் பொறுத்து மாவு இடிக்கிற உலக்கையை வராந்தாவின் மூலையில் கொண்டுவந்து சாத்தும் சத்தம் கேட்டது. நடராஜன் அங்கேயே நின்று, நான் பேசிப் பார்க்கிறேன், இரண்டு நாள் போகட்டும் என்றார். இரண்டு நாள் என்றதும் காமுவுக்கு மூட்டைகள் ஞாபகம் வந்தன. பந்த். மண்டிக்காரர் வண்டியை வெள்ளிக்கிழமை அனுப்ப முடியாது, இன்றைக்கே அனுப்பியிருப்பார்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

நினைத்தது சரி. லேக் மார்க்கெட் முனையில், நாளைக்குக் கிடைக்காது என்று காய்கறியும் அரிசியும் வாங்க முண்டியடிக்கிற கூட்டத்துக்கு நடுவில், கைவண்டி எட்டு மூட்டையோடு வந்துகொண்டிருந்தது. வண்டிக்காரர் அவளைப் பார்த்ததும் வழக்கம்போல இடதுபக்கம், அவள் வீட்டுத் தெருவுக்கு வண்டியைத் திருப்பப் போனார். காமு குறுக்கே போய் நின்றாள். இன்றைக்கு அந்தப் பக்கம் இல்லை, நேரே விடுங்கள் என்று இந்தியில் சொன்னாள். சொன்ன பிறகுதான் நேரே என்றால் எங்கே என்று அவளுக்கே தெளிவாயிற்று.

பன்னீர்செல்வம் கடை வாசலில் நின்றிருந்தார். எட்டு மூட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பேங்க் காகிதம் வந்துடுச்சா மாமி?"

"வரல்லை."

"அப்புறம்?"

"பூட்டைத் திறங்கோ. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

அவர் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்.

கிடங்குக்குப் போகிற சந்தின் வாயில் குழாய்க்காகத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளம் ஒன்று இருந்தது. அதில் வண்டியின் ஒரு சக்கரம் இறங்கிக்கொண்டது. வண்டிக்காரர் முன்னால் இருந்து இழுத்தார், அசையவில்லை. கூட்டத்தில் யாருக்கும் கைகொடுக்க நேரமில்லை. காமு பின்னால் போய், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கடைசி மூட்டையில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்துத் தள்ளினாள். சணலின் சொரசொரப்புக்கு அடியில் உளுந்து நறநறவென்று நகர்ந்து கொடுத்தது.

பூக்காரியிடம் நின்றிருந்த சகுந்தலா மாமி, இலையில் சுற்றிய பூவைக் கையில் பிடித்தபடி இரண்டடி அருகே வந்தாள். நேற்றுப் பிரார்த்தனைக்கு வர முடியாது என்று காமு சொல்லி அனுப்பியது அவளுக்கு மறந்திருக்காது. மனதுக்குள் நாளை எண்ணுவது முகத்தில் தெரிந்தது.

"காமு, இன்னிக்கு உனக்கு நாலாம் நாளா?"

"மூணாம் நாள், மாமி" என்றாள் காமு, கையை எடுக்காமல்.

மாமி நிற்கிறாளா போகிறாளா என்று பார்க்கக் காமுவால் திரும்ப முடியவில்லை. திரும்பினால் வண்டி பின்னுக்கு வந்துவிடும். சந்துக்குள்ளிருந்து பூட்டுத் திறக்கும் சத்தமும் கதவு கிறீச்சிடும் சத்தமும் கேட்டன. அவள் குதிகாலை ஊன்றி இன்னொரு தடவை தள்ளினாள். சக்கரம் பள்ளத்தின் விளிம்பில் ஏறி நின்று, ஆடியது.